பாம்பு மூச்சுவிடும்போது சத்தம் வந்தால்
சட்டை உரிக்கும் முன் பால் பைத்தான் (ball python) என்னும் வளர்ப்பு மலைப்பாம்பின் மூக்கில் லேசான சீறல் கேட்பது சகஜம். உரித்த பிறகும் நீடித்தால்தான் கவலை. என் பாம்புக்கு நீடித்தது: மூக்கோரம் கடுகளவு குமிழி, வாயோரம் நூலாக இழுபடும் எச்சில், தலையைத் தூக்கி வைத்தே மூச்சு. இரை மறுப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது. வாராவாரம் கிராம் தராசில் எடை பாருங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் ஹீட்டரை ஒட்டி நழுவியிருந்ததால் சூடு சீக்கிரமே அணைந்து, கூண்டின் சூடான பக்கமே 27 டிகிரியில் நின்றது. உடல் குளிர்ந்தால் பாம்பின் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். சென்சாரைப் பாம்பு படுக்கும் இடத்தில் ஒட்டி 32 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். நனைந்த விரிப்பையும் மாற்றினேன். சூடு மட்டும் போதாது. ஊர்வன மருத்துவர் சோதனைக்குச் சளி எடுத்து, உடலின் முன்பாதியில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார். குமிழி நின்றாலும் ஊசியை நடுவில் விடாதீர்கள்.