மாஹே போனால் மரியானைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

புதுச்சேரியின் ஒரு துண்டான மாஹே கேரளக் கரையில் இருப்பது தெரிந்ததுதான். மொத்தம் 9 சதுர கிலோமீட்டர். அங்கே மய்யழி ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது தாகூர் பூங்கா. பிரெஞ்சுக் குடியரசைப் பெண்ணாக உருவகித்த மரியானின் சிலை அதற்குள்தான். பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம், மார்பளவுச் சிலைதான். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், இந்த அம்மாள் மட்டும் கிளம்பவில்லை.

காரில் போகிறவர்கள் கவனிக்க: 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி–மாஹே புறவழிச்சாலையில் ஏறினால் ஊர் கண்ணிலேயே படாது. கூகுள் மேப் அந்த வழியில்தான் இழுக்கும். பூங்காவின் பெயரைப் போட்டு, பழைய சாலையிலேயே போங்கள். அங்கே நெரிசல் உண்டு. விலை குறைவென்று பெட்ரோலுக்கும் மதுவுக்கும் வருகிற வண்டிகள் அப்படி.

ரயிலில் என்றால், மாஹே ஸ்டேஷன் இருப்பது கேரளத்தின் அழியூரில். எல்லா ரயிலும் நிற்காது. தலச்சேரியில் இறங்கி பஸ் பிடிப்பது சுலபம், பத்து கிலோமீட்டருக்குள்தான்.

நாலரை மணிக்குமேல் போனால் வெயில் தணிந்திருக்கும். சிலையை முதலிலேயே பார்த்துவிட்டு ஆற்றோரமாக நடங்கள், முகத்துவாரத்தில் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் குடை இல்லாமல் போகாதீர்கள். அக்டோபர் 14, 15 இங்குள்ள புனித தெரசா தேவாலயத் திருவிழாவின் முக்கிய நாட்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.