பிள்ளைகளின் வயலின் சாதகத்தை வீட்டில் எப்படி நடத்துவது

கர்நாடக வயலின் கற்கும் பிள்ளை வர்ணம் (அடிப்படைப் பாடங்களுக்குப் பிறகு வரும் உருப்படி) வரை வந்துவிட்டால், வீட்டுச் சாதகம், அதாவது பயிற்சி, பெரும்பாலும் அதன் தொடக்கமான பல்லவியில் தொடங்கி, தடுமாறும் இடத்தை எப்படியோ கடந்து, முடிவு வரை வாசித்துவிட்டு, மறுபடியும் பல்லவிக்கே திரும்புவதாக ஆகிவிடுகிறது. இப்படி ஒரு மணி நேரம் வாசித்தால், தெரிந்த பகுதி மேலும் படியும். தெரியாத இடத்தில் விரலுக்குத் தவறே பழகிப்போகும்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக்கும் சகாக்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 17 பியானோ மாணவர்கள் ஒரு கடினமான சிறு பகுதியைப் பயின்று மறுநாள் வாசித்தார்கள். பயின்ற நேரமோ வாசித்த தடவைகளோ மறுநாளைய தரத்தைத் தீர்மானிக்கவில்லை. பிழை நேர்ந்த இடத்தை உடனே கண்டுகொண்டு, வேகத்தைக் குறைத்து, அங்கேயே நின்று திருத்தியவர்களே சிறப்பாக வாசித்தார்கள். அவர்கள் வளர்ந்த மாணவர்கள்தான் என்றாலும், பிள்ளைகளுக்கும் இந்த வழியே பொருந்தும் என்பது என் எண்ணம்.

சாதகத்தைத் தம்பூராவின் சுருதியோடு, முழு வில்லையும் இழுத்து வெறும் தந்திகளில் சில நிமிடம் வாசித்துத் தொடங்குங்கள். வயலினில் வீணையில் இருப்பதுபோல் ஸ்வர இடங்களைக் காட்டும் மெட்டுகள் இல்லாததால், விரல் நிற்க வேண்டிய இடத்தைக் காதுதான் சொல்ல வேண்டும். பஞ்சமத் (ப) தந்தியில் பிடித்த மேல் ஷட்ஜத்தைப் (ஸ) பக்கத்திலுள்ள ஷட்ஜத் தந்தியோடு சேர்த்து இழுத்தால், இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றனவா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். தொடக்கப் பாடங்களுக்கான மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு ஸ்வர வரிசையை மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) வாசித்த பிறகு வர்ணத்துக்குப் போகலாம்.

வர்ணத்தில் தடுமாறும் ஆவர்த்தனத்தை (தாளத்தின் ஒரு முழுச் சுற்றை) மட்டும் எடுத்து, வயலினைக் கீழே வைத்துவிட்டு முதலில் பாடச் சொல்லுங்கள். பாடும்போதே பிசகினால் குறை காதிலும் நினைவிலும் இருக்கிறது. அந்த நிலையில் விரலை எத்தனை முறை ஓட்டினாலும் பயனில்லை, குருவின் பதிவைக் கேட்டுப் பாடம் செய்வதே வழி. சரியாகப் பாடி, வாசிக்கும்போது மட்டும் பிசகினால், எந்த இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தடை என்று பார்த்து, கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) நீக்கி விளம்பமாக, அதாவது மெதுவாக வாசித்து, பிறகு கமகத்தைச் சேர்த்து, கடைசியாக முன்னும் பின்னும் உள்ள ஆவர்த்தனங்களோடு கோக்க வேண்டும். நடைமுறையில் விட்டுப்போவது இப்படிக் கோப்பதுதான். தனியே நன்றாக வந்த இடம் வர்ணத்துக்குள் மீண்டும் சறுக்குவதற்கு அதை விடுவதே காரணம்.

பிள்ளையின் இரு கைகளுக்கும் வேலை இருப்பதால் தாளத்தை வீட்டுப் பெரியவர் போடலாம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்குச் சங்கீத ஞானம் தேவையில்லை. நான்காம் விரல் எட்டவில்லையென்றால் குறை சாதகத்தில் இல்லை, வயலினின் அளவில் இருக்கலாம், குருவிடம் காட்டுங்கள். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிடத் தினமும் காலையும் மாலையும் இருபது நிமிடம் மேலானது. அந்த வாரம் பிடிபடாத ஆவர்த்தனத்தைக் குறிப்பேட்டில் அடையாளமிட்டு, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் பிள்ளையே குருவிடம் கேட்கட்டும்.