மாசாந்திர ஷட்டவுன்: கரன்ட் போறதுக்கு முன்னாடியும் வந்ததுக்கு அப்புறமும்

பேப்பர்ல "நாளைய மின்தடை"ன்னு வர்ற அறிவிப்புல நம்ம தெரு பேரு இல்லன்னா நமக்கு கட் இல்லன்னு நெனச்சு நிறைய பேர் விட்டுடுறாங்க, மறுநாள் காலைல 9 மணிக்கு தலைல ஷாம்பூவோட பாத்ரூம்ல நிக்கிறப்பதான் டேங்க்ல தண்ணி இல்லன்னு தெரியுது. அந்த அறிவிப்பு தெரு வாரியா போடுறது இல்லங்க, துணை மின் நிலையம் வாரியா போடுறது. முதல்ல சப் ஸ்டேஷன் பேரு இருக்கும், அப்புறம் நாலஞ்சு ஏரியா பேரு, கடைசில "மற்றும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்"னு ஒரு வரி. பாதி ஊரு அந்தக் கடைசி வரிலதான் இருக்கு.

அதனால முதல்ல செய்ய வேண்டியது, உங்க வீட்டுக்கு எந்த சப் ஸ்டேஷன்ல இருந்து கரன்ட் வருது, எந்த ஃபீடர்னு (சப் ஸ்டேஷன்ல இருந்து உங்க ஏரியாவுக்குப் பிரிஞ்சு வர்ற லைன்) தெரிஞ்சு வச்சுக்கிறது. ஏரியா வயர்மேனைக் கேட்டா ஒரே நிமிஷத்துல சொல்லிடுவாரு, இல்லன்னா மின்வாரிய செக்ஷன் ஆபீஸ்ல கேளுங்க. எந்த செக்ஷன்னே தெரியலன்னா உங்க இணைப்பு எண்ணைப் பாருங்க, முதல் ரெண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூணு இலக்கம் செக்ஷன். பக்கத்துத் தெருவுக்கும் நமக்கும் ஒரே சப் ஸ்டேஷன்னு நெனச்சுக்காதீங்க, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணுன்னு பல ஊர்ல இருக்கு. பேரு தெரிஞ்சிட்டா மின்வாரிய வெப்சைட்லயும் வரப்போற மின்தடைப் பட்டியல்ல நீங்களே தேடிக்கலாம்.

நேரம் பொதுவா சென்னைன்னா காலை 9ல இருந்து மதியம் 2 வரைக்கும், மத்த மாவட்டங்கள்ல சாயங்காலம் 4, 5 மணி வரைக்கும் போகும். வேலை சீக்கிரம் முடிஞ்சா முன்னாடியே வந்துடும். பொதுத்தேர்வு சமயத்துலயும் மழை, திருவிழான்னு வந்தாலும் தேதி தள்ளிப் போகும், அதனால முந்தின நாள் ஒரு தடவை பாத்துக்கோங்க.

இந்த ஷட்டவுனையும் 2012 சமயத்து கரன்ட் கட்டையும் ஒண்ணாப் போட்டுத் திட்டுறவங்க இன்னும் இருக்காங்க. அப்ப தேவைக்கு ஏத்த உற்பத்தி இல்ல, சென்னைக்கு வெளிய பல மாவட்டத்துல ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல கரன்ட் இல்லாம கெடந்தோம், அது பற்றாக்குறை. இது பராமரிப்பு. கம்பில உரசுற கிளையை வெட்டுறது, கம்பியைத் தாங்குற பீங்கான் இன்சுலேட்டர் விரிசல் விட்டா மாத்துறது, ஒரு கம்பியையும் இன்னொரு கம்பியையும் இணைக்கிற ஜம்பர் லூஸா இருந்தா டைட் பண்றது, டிரான்ஸ்ஃபார்மர்ல ஆயில் பாக்குறது, இதெல்லாம் 11 கே.வி. (11,000 வோல்ட்) லைன்ல ஆளு கை வச்சு செய்யற வேலை, லைன் செத்திருந்தாதான் முடியும். அதை ஒழுங்கா செய்யலன்னா முதல் மழைக்கே ராத்திரி 12 மணிக்கு டப்புன்னு போயிடும்.

இங்க ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ரொம்ப ஆசைப்படுறேன். லைன்மேன் எல்.சி. (லைனை ஆஃப் பண்ணியாச்சுங்கற அனுமதி) வாங்கிட்டு, ரெண்டு பக்கமும் எர்த் ராடு (லைன்ல கரன்ட் வந்தா தரைக்கு இறக்கி விடுற கம்பி) மாட்டிட்டுதான் கம்பம் ஏறணும். ஆனா கீழ ஒரு கடைக்காரர் சின்ன ஜெனரேட்டரை சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (தெரு லைனைப் பிரிச்சுட்டு ஜெனரேட்டரை மட்டும் இணைக்கிறது) இல்லாம ஒரு வயரை எடுத்து நேரா பிளக் பாயிண்ட்ல சொருகிட்டாருன்னு வச்சுக்கோங்க. அந்த 230 வோல்ட் மீட்டர் வழியா தெரு லைனுக்குப் போகும், அங்கேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும், வீட்டுக்கு 11,000 வோல்ட்டைக் குறைச்சுக் குடுக்குற அதே டிரான்ஸ்ஃபார்மர் திருப்பி வந்தா கூட்டித்தான் அனுப்பும். மேல கை வச்சிருக்குறவருக்கு லைன் செத்துடுச்சுன்னு நம்பிக்கை, எர்த் ராடு அந்த இடத்துல இல்லன்னா ஒரு உயிரு போயிடும். ஜெனரேட்டர் வச்சிருக்குறவங்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சேஞ்ச்ஓவர் போட்டுட்டுதான் ஓட்டணும், இதுல சாக்கு சொல்லவே கூடாது. மொட்டைமாடில ஆன்-கிரிட் சோலார் (மின்வாரிய லைனோட சேந்து ஓடுறது) போட்டவங்க, வெயில் சுள்ளுன்னு அடிக்குது, ஏன் கரன்ட் வரலன்னு கேக்குறாங்க, அதுக்கும் இதேதான் காரணம், லைன்ல சப்ளை இல்லன்னா அந்த இன்வெர்ட்டர் தானா நின்னுடணும், அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். காலைல எட்டரைக்குள்ள மோட்டார் போட்டு டேங்க்கை ரொப்பிடுங்க, குடிக்கிற தண்ணி தனியா புடிச்சு வைங்க ஏன்னா ஆர்.ஓ. ஓடாது. மாவு அரைக்கிறது, சட்னி, துணி மிஷின் எல்லாம் முந்தின நாளே. ஃபிரிட்ஜை தொறக்காம வச்சா 4 மணி நேரம் பயமில்ல, அதுக்கு மேலன்னா பால், மீன், கறி, சமைச்ச குழம்பு இதெல்லாம் சந்தேகம்தான். முந்தின ராத்திரியே ரெண்டு மூணு வாட்டர் பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி ஃபிரீசர்ல போட்டு உறைய வச்சு, காலைல அதுல ஒண்ணு ரெண்டை கீழ பால் பாக்கெட் பக்கத்துல வச்சிடுங்க, நல்லாவே தாங்கும். மே மாசம்னா இட்லி மாவு பொங்கி வழியும், பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க.

இன்சுலின் போடுறவங்க பதறுவாங்க. ஓப்பன் பண்ணி யூஸ் பண்ணிட்டு இருக்குற மருந்து 25, 30 டிகிரிக்குள்ள இருந்தா ஒரு நாள் வெளிய இருக்குறதால ஒண்ணும் ஆகாது. நம்ம ஊரு கோடைல ரூமே அதைத் தாண்டிடுறதால ஒரு மண்பானைல கொஞ்சம் தண்ணி ஊத்தி, மருந்தை சின்ன டப்பால போட்டு நனையாம உள்ள வைங்க. ஐஸ் மேல நேரா வைக்கவே கூடாது, உறைஞ்சுட்டா தூக்கித்தான் போடணும். வீட்ல ஆக்சிஜன் மிஷின்ல இருக்குறவங்க இருந்தா இன்வெர்ட்டரை மட்டும் நம்பாதீங்க, முந்தின நாளே சிலிண்டர் ஏற்பாடு பண்ணிடுங்க.

இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் வரும்னு ஒரு கணக்கு. 150 ஏ.ஹெச். (பேட்டரியோட கொள்ளளவு, ஆம்பியர் ஹவர்) பேட்டரின்னா 12 வோல்ட்டோட பெருக்குங்க, 1800 வாட் ஹவர், அதுல நடைமுறைல 1200 தேறும்னு வச்சுக்கோங்க. பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட், ரெண்டு ஃபேன், மூணு எல்.இ.டி., ஒரு மோடம் ஓட்டுனா 190 வாட் கிட்ட வரும், ஆறு மணி நேரம். அதே ஃபேன் பி.எல்.டி.சி.யா (கம்மி கரன்ட் இழுக்குற புது வகை மோட்டார்) இருந்தா ஒண்ணுக்கு 30 வாட்தான், மொத்தமே 100க்குள்ள வந்துடும், சாயங்காலம் 5 வரைக்கும் தாராளமா ஓடும். பெரிய பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி ஃபேனை மாத்துங்கன்னுதான் நான் சொல்லுவேன். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊத்தணும், ஆர்.ஓ. தண்ணி வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாதவங்க மோடத்துக்குன்னே விக்கிற குட்டி யு.பி.எஸ். ஒண்ணு வாங்கிக்கலாம், வீட்ல இருந்து வேலை பாக்குறவங்களுக்கு ரொம்ப உதவும்.

கரன்ட் போனதும் மோட்டார், ஏசி, அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, ஃபிரிட்ஜ் பிளக்கையும் புடுங்கிடுங்க. மோட்டார் ஸ்விட்ச் ஆன்லயே கெடந்தா நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது தானா ஓடி டேங்க் வழியும், சம்ப்ல தண்ணி இல்லன்னா காயில் கருகும். திரும்ப வந்ததும் முதல் சில நிமிஷம் வோல்டேஜ் ஏறி இறங்கும், அஞ்சு நிமிஷம் பொறுத்து ஒவ்வொண்ணா போடுங்க, கம்ப்ரஸர் ஓடுறதை கடைசில.

சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியும் வரலன்னா முதல்ல எதிர் வீட்ல இருக்கான்னு பாருங்க, அங்க கரன்ட் இருக்கு, உங்களுக்கு மட்டும் இல்லன்னா அது ஃபியூஸ் போனதா இருக்கும், இல்லன்னா தெரு லைன்ல வர்ற மூணு ஃபேஸ்ல உங்க வீட்டுக்கு வர்ற ஒண்ணு போயிருக்கும். மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் போட்டு இணைப்பு எண்ணையும், தெரு முழுக்க இல்லையா வீட்ல மட்டும் இல்லையாங்கறதையும் சொல்லிடுங்க, புகார் எண்ணை வாங்கி எழுதி வச்சுக்கோங்க.