ஹவாய்க்குப் போகிறீர்களா? கச்சேரியை இப்படித் தேடுங்கள்

ஹவாய்க்குப் போகிறவர்கள் முதலில் விமான டிக்கெட் போடுகிறார்கள், அப்புறம் ஹோட்டல், அப்புறம் அங்கே போய் இறங்கி ஒரு தூக்கம் போட்ட பிறகு, வரவேற்பறையில் சுற்றுலா டிக்கெட் விற்கும் மேசையில் போய் ‘இன்று ராத்திரி என்ன இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: லூவாவ், அதாவது விருந்தோடு சேர்ந்த ஆட்டம் பாட்டம். முதல் முறை நானும் அப்படித்தான் மாட்டினேன். தலைக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்து, நெருப்புக் கத்தி சுழற்றுவதை வீடியோ எடுத்து, இதுதான் ஹவாய் என்று ஊரில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். அந்தக் கத்தி ஆட்டம் சமோவாக்காரர்களுடையது, இடுப்பைப் படபடவென்று ஆட்டியது தஹீத்தி ஆட்டம் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. மதுரைக்கு வந்தவன் ஹோட்டலில் கதகளி பார்த்துவிட்டு மதுரைக் கலை என்று எழுதிய மாதிரி ஆகிவிட்டது என் கதை.

லூவாவ் போகக் கூடாது என்று சொல்லவில்லை, குழந்தைகளோடு போனால் பொழுது நன்றாகப் போகும். ஆனால் ஹவாய்ப் பாட்டு கேட்க வேண்டும் என்பதற்காகவே போகிறீர்கள் என்றால் வரிசையை மாற்றுங்கள். முதலில் தேதி, அப்புறம் தீவு, கடைசியில்தான் விமான டிக்கெட். இன்னொன்று, அங்கே மிக நல்ல நிகழ்ச்சிகளில் பாதி இலவசம். இலவசமாக நடப்பதை விற்பதில் அந்த மேசைக்கு என்ன லாபம்? அதனால் நாமேதான் தேட வேண்டும்.

தேதிகளில் பெரியது, ‘பெரிய தீவு’ என்று சொல்லும் ஹவாய்த் தீவின் ஹிலோ ஊரில், ஹவாயின் மரபு ஆட்டமான ஹூலாவுக்காக நடக்கும் மெர்ரி மோனார்க் விழா. ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கி ஒரு வாரம் நடக்கும், அதனால் தேதியை யாரும் அறிவிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஈஸ்டர் எப்போது என்று பார்த்தால் போதும். 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. ‘குதூகல ராஜா’ என்று பெயர் வாங்கிய மன்னர் கலாகாவாவின் நினைவாக நடப்பது இது. 1820இல் வந்த கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு ஹூலா ஆட்டம் பிடிக்கவில்லை. 1830இல் அரசி காஅஹூமனு பொது இடத்தில் ஆடத் தடையே போட்டார். கலாகாவா 1883இல் தன் முடிசூட்டு விழாவில் ஹூலாவை எல்லார் கண் முன்னாலும் ஆட வைத்தார். விழா 1960களில் தொடங்கியது, ஹூலாப் போட்டி 1971இல் சேர்ந்தது, இன்று உலகத்தில் ஹூலாவுக்கு இதைவிடப் பெரிய மேடை கிடையாது.

போட்டி மூன்று இரவு. வியாழன் தனி நடனம், வெள்ளி கஹிகோ என்ற பழைய பாணி, சனி அவுஆனா என்ற பிற்காலப் பாணியும் பரிசும். டிக்கெட்தான் தலைவலி. பல ஆண்டுகளாகத் தபாலில் விண்ணப்பம் அனுப்பிக் கேட்பதுதான் வழக்கம், அதுவும் முந்தைய டிசம்பர் வாக்கில், அதுவும் ஆளுக்கு இவ்வளவுதான் என்ற கணக்கோடு. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், எனவே அக்டோபர், நவம்பரிலேயே விழாக்குழுவின் தளத்தில் போய்ப் படித்துவிடுங்கள். டிக்கெட் கிடைக்கவில்லையா, புதன் இரவுக்குப் போங்கள். ஹோஇகே என்று பெயர், போட்டி இல்லாத ஆட்டம், இலவசம், ஆனால் வரிசை நீளும், சீக்கிரம் போய் நிற்க வேண்டும். கைவினைச் சந்தை, சனிக்கிழமை காலை ஊர்வலம் இரண்டுக்கும் காசு இல்லை. அறை மட்டும் ஓராண்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், அந்த வாரம் ஹிலோவில் ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. அதே தீவின் மறுபக்கம் கோனாவில் தங்கிக்கொண்டு மலை நடுவே போகும் சாலையில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓட்டி வருகிறவர்களும் உண்டு. நள்ளிரவில் மழையில் திரும்பி ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஹிலோவில் மழை இல்லாத வாரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடக்கும் அரங்கத்தின் பெயர் ஈடித் கனகாஓலே. அவர் பாட்டு, ஹூலா, ஹவாய் மொழி மூன்றையும் கற்றுக்கொடுத்தவர், 1979இல் மறைந்தார். 2023இல் வந்த அமெரிக்கக் கால் டாலர் நாணயம் ஒன்றில் அவர் முகம் இருக்கிறது. சில்லறை வாங்கும்போது கவனித்துப் பாருங்கள்.

ஈஸ்டர் வாரத்தில் போக முடியாதவர்களுக்கு மற்ற தேதிகள். மே 1 லெய் தினம், பூமாலை நாள், 1928 முதல் கொண்டாடுகிறார்கள், ஓவாஹு தீவில் இருக்கும் தலைநகர் ஹொனலுலுவில் கபியொலானி பூங்காவில் மாலைப் போட்டியும் நாள் முழுக்கப் பாட்டும் இருக்கும். ஜூன் 11 கமேஹமேஹா மன்னர் நாள், அதையொட்டி ஹொனலுலுவில் அவர் சிலைக்கு மிக நீளமான மாலைகளைச் சாத்துவார்கள், அதைப் பார்க்கவே போகலாம், பூ அலங்கார ஊர்வலமும் உண்டு. ஜூலையில் பிரின்ஸ் லாட் ஹூலா விழா. இதில் போட்டி கிடையாது, மதிப்பெண் கிடையாது, அதனாலேயே எனக்கு இது மெர்ரி மோனார்க்கைவிட ஒரு படி மேல், ஆடுகிறவர்கள் முகத்தில் அந்தப் பதற்றம் இருக்காது. 1978 முதல் நடக்கிறது, இடம் மட்டும் மாறியிருக்கிறது, எனவே அந்த ஆண்டு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் அலோஹா விழாக்கள், 1946இல் தொடங்கியவை, ஒரு நாள் இரவு ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைகிகியின் பெரிய தெருவான கலாகாவா அவென்யூவில் வண்டிகளை நிறுத்திவிட்டு மேடைகளைப் போட்டுவிடுவார்கள், நடந்துகொண்டே ஐந்தாறு குழுக்களைக் கேட்கலாம்.

சரி, இந்தத் தேதி எதுவும் உங்கள் விடுமுறையோடு பொருந்தவில்லை. கவலை வேண்டாம், சாதாரண வாரத்திலும் ஆள் கேட்டு முடிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது. வெள்ளி நண்பகலில் இயோலானி அரண்மனை வளாகத்தில் ராயல் ஹவாயன் பேண்ட் வாசிப்பது நெடுநாள் வழக்கம். 1836இல் மூன்றாம் கமேஹமேஹா தொடங்கிய குழு, இன்று ஹொனலுலு நகராட்சி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது, கட்டணம் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்து கேட்கும்போது பின்னால் நிற்கும் கட்டடத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1893இல் ஆட்சியைப் பறிகொடுத்த அரசி லிலியுஓகலானியை 1895இல் அதன் மாடி அறை ஒன்றில்தான் அடைத்து வைத்தார்கள். ‘அலோஹா ஓஏ’ அவர் இயற்றிய பாட்டு. உலகமெல்லாம் அதைக் கடற்கரைப் பாட்டாக ஆக்கிவிட்டது, அந்த வளாகத்தில் கேட்டால் தொண்டை கட்டிக்கொள்ளும்.

வைகிகியில் கூஹியோ கடற்கரை ஹூலா மேட்டில் வாரத்தில் சில மாலைகள் இலவச ஆட்டம் உண்டு, பாயோ துண்டோ கொண்டு போங்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் ஹலேகுலானி ஹோட்டலின் ‘ஹவுஸ் வித்அவுட் எ கீ’ என்ற உணவகம். ஒரு பழைய கியாவே மரத்தின் கீழே சூரியன் மறையும் நேரத்தில் ஸ்டீல் கிதாரும் ஒருவர் ஹூலாவும், ஒரே ஒரு பானத்தை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம், அந்த ஒரு பானத்தின் விலையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். மவுயி தீவுக்குப் போனால் நாபிலி காய் என்ற இடத்தில் ஜார்ஜ் கஹுமோகு நடத்திவரும், நரம்பைத் தளர்த்தி வாசிக்கும் ஸ்லாக் கீ கிதார் நிகழ்ச்சி, பல ஆண்டுகளாகப் புதன் மாலைகளில். சின்ன அரங்கு, கலைஞர் பாட்டுக்கு நடுவே கதை சொல்வார், அந்தக் கதைக்காகவே போகலாம். கவாய் தீவில் சைவ மடத்தின் இறைவன் கோயிலுக்கு நம் ஆட்கள் நிறையப் பேர் போகிறார்கள். கோயிலைப் பார்த்துவிட்டு நேரே விமான நிலையம் போய்விடாமல் அன்று மாலை அங்குள்ள கபாஆ ஊர்ப் பக்கம் யார் வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

விசாரிப்பது எங்கே? இதில்தான் பலர் தவறுகிறார்கள், இடத்தைத் தேடுகிறார்கள், ஆளைத் தேடுவதில்லை. ஹவாய்க் கலைஞர்களில் பெரிய பெயர் வாங்கியவர்கள்கூட வாரத்தில் ஒரு நாள் ஏதாவது ஹோட்டல் முற்றத்தில் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள். நா ஹோக்கூ ஹனோஹனோ என்ற விருது 1978 முதல் ஹவாய் இசைக்குக் கொடுக்கப்படுகிறது. கடந்த மூன்று நான்கு ஆண்டுப் பட்டியலை எடுங்கள், பத்துப் பெயர் எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரின் இணையப் பக்கத்திலும் போய் இந்த வாரம் எங்கே என்று பாருங்கள், வேலை முடிந்தது. கூடவே அங்குள்ள வானொலி: ஓவாஹுவில் கேஐஎன்இ, பெரிய தீவில் காபா, மவுயியில் கேபிஓஏ. மூன்றையும் இணையத்தில் கேட்கலாம். பாட்டுக்கு நடுவே அறிவிப்பு வரும், அப்படி இரண்டு வாரம் காதில் போட்டுக்கொண்டு போனாலே பாதிப் பாட்டு பழகிவிடும். அறிவிப்புகளில் ‘பவு ஹனா’ என்று வந்தால் வேலை விட்டு வரும் நேரம், சாயங்காலம் நாலைந்து மணி. ‘கனிகபிலா’ என்றால் ஆளாளுக்கு வாத்தியம் கொண்டுவந்து சேர்ந்து வாசிப்பது, உள்ளே போய் உட்கார்ந்தால் யாரும் எழுப்பமாட்டார்கள். ‘கமாஆய்னா’ விலை என்று போட்டிருந்தால் அது உள்ளூர்வாசிகளுக்கு, நமக்கில்லை.

என்ன கேட்கப்போகிறோம் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் சுவை கூடும். ஸ்லாக் கீ என்பது கிதார் நரம்புகளைத் தளர்த்தி வேறு சுருதிக்கு வைத்து வாசிப்பது, கட்டைவிரல் அடித்தளத்தைப் பிடிக்க மற்ற விரல்கள் மெட்டை வாசிக்கும், ஒரே ஆள் இரண்டு ஆள் மாதிரி கேட்கும். பெருகிப்போன மாடுகளை அடக்க 1830களில் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த மாடு மேய்ப்பவர்கள் கொண்டுவந்த கிதாரிலிருந்து கிளைத்தது. அவரவர் சுருதியைக் குடும்ப ரகசியமாக வைத்திருந்த காலம் உண்டு. உகுலேலே 1879இல் மதேய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த போர்த்துகீசியரோடு வந்த சின்ன வாத்தியத்திலிருந்து பிறந்தது. ஸ்டீல் கிதாரை உருவாக்கியவர் லாயியே ஊர்க்காரர் ஜோசப் கெகூகு, பள்ளிப் பையனாக இருந்தபோது. நம் ஊரில் ‘ஹவாயன் கிதார்’ என்று சொல்கிறோமே, அதுதான். தாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்திருக்கிறார், இந்தியாவில் இந்த வாத்தியம் பரவியதில் அவருக்குப் பங்குண்டு. யாராவது குரலை உடைத்து மேலே ஏற்றிப் பாடினால் அது ஃபால்செட்டோ. ஆன்ட்டி ஜெனோவா கேயாவே ஒரே சுரத்தை மூச்சு விடாமல் இழுத்து நிறுத்தும் பதிவைப் போகுமுன் ஒரு முறை கேளுங்கள். ஆமாம், அங்கேயும் பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள், நமக்கு அதில் பழகிக்கொள்ள ஒன்றுமில்லை.

கஹிகோ ஆட்டத்தில் குரு தரையில் உட்கார்ந்து சுரைக்குடுக்கை வாத்தியத்தைத் தட்டிக்கொண்டே ஓதுவார், நட்டுவாங்கம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு யார் யாரை நடத்துகிறார்கள் என்பது உடனே பிடிபடும். அந்த நேரத்தில் எழுந்து நடப்பது, ஃபிளாஷ் அடிப்பது எல்லாம் கூடாது. சில பாட்டுகள் கைதட்டித் தாளம் போடுவதற்கானவை அல்ல. ‘கவுலானா நா புவா’ மெட்டைக் கேட்டால் குதூகலமாக இருக்கும், ஆனால் அது 1893இல் நாட்டைப் பிடுங்கியதை எதிர்த்து எழுதிய பாட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்றால் நீங்களும் நில்லுங்கள். ஹவாயின் மாநில கீதமான ‘ஹவாயி போனோயீ’ பாடினாலும் அப்படித்தான். யாராவது மாலை போட்டால் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, போட்டவர் கண் முன்னால் கழற்றவும் கூடாது. வாடிய பிறகும் குப்பைத் தொட்டியில் போடாமல் ஒரு மரத்தடியில் வைத்துவிடுங்கள்.

போகவே முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. மெர்ரி மோனார்க் போட்டியை ஹவாய்த் தொலைக்காட்சி நேரலையில் காட்டுகிறது, இணையத்திலும் வரும். ஹிலோவுக்கும் சென்னை, யாழ்ப்பாணத்துக்கும் பதினைந்தரை மணி நேரம் வித்தியாசம், அங்கே வியாழன் மாலை 6 என்றால் இங்கே வெள்ளி காலை 9.30. சிங்கப்பூரில் வெள்ளி நண்பகல். கஹிகோ இரவு நமக்குச் சனிக்கிழமை காலையில் வரும், லீவு போட வேண்டியதில்லை.

நேரில் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. கச்சேரி முடிந்த மாதிரி இருக்கும்போது கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் ‘ஹனா ஹோ’ என்று கத்தும், நம்ம ‘ஒன்ஸ் மோர்’தான், நீங்களும் கத்துங்கள், இன்னொரு பாட்டு வரும். அதற்குப் பிறகு ‘ஹவாயி அலோஹா’ ஆரம்பித்தால் எல்லாரும் எழுந்து பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், வார்த்தை தெரியாவிட்டால் முணுமுணுத்தால் போதும், கடைசி வரியில் எல்லார் கையும் மேலே போகும். அது இறங்கிய பிறகு வண்டி நிறுத்திய இடத்துக்கு ஓடலாம்.