மலையில் இருந்தபடி ஸ்டார்ட்அப் வேலை: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லோர் கண்ணும் சிடிசியில்தான், அதாவது கம்பெனி காட்டும் மொத்த வருடச் சம்பளக் கணக்கில்தான் விழும். அதற்கு முன், கம்பெனியின் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்று கேளுங்கள். கீழே கோவையில் வேலை போனால் நாலு ஆபீஸ் ஏறி இறங்கலாம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அது நடக்காது.

கையிருப்பு 6 கோடி, மாதச் செலவு 60 லட்சம், வரவு 20 லட்சம் என்றால் மாதம் 40 லட்சம் கரைகிறது. 15 மாதம் ஓடும். புது முதலீடு திரட்டவே ஆறேழு மாதம் போய்விடலாம். அதனால் 12 மாதத்துக்குக் குறைவென்றால் யோசியுங்கள். மழுப்பினால், கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி, கடைசியாகத் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டைப் பாருங்கள். பழைய கணக்குதான், ஆனால் தாக்கலே செய்யாத கம்பெனியை அங்கே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து ஈசாப், அதாவது கம்பெனியின் பங்கை முன்பே குறித்த விலையில் பிற்பாடு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. அந்த உரிமை ஒவ்வொன்றும் ஒரு ஆப்ஷன். "4,800 ஆப்ஷன்" என்பது வெறும் எண். மொத்தப் பங்கு 10 லட்சமா, 1 கோடியா? முதலாவதில் உங்கள் பங்கு 0.48 சதவீதம், இரண்டாவதில் 0.048. இந்த உரிமை படிப்படியாகக் கைக்கு வருவதுதான் வெஸ்டிங். வழக்கமான நாலு வருட வெஸ்டிங்கில் முதல் வருட முடிவில் 1,200, பிறகு மாதம் 100. பதினோராம் மாதம் விலகினால் ஒன்றுமில்லை.

பலர் சறுக்குவது வரியில். 10 ரூபாய் விலையில் 1,200 பங்கு எடுக்கிறீர்கள், அன்றைய மதிப்பு 510 என்று வையுங்கள். வித்தியாசமான 6 லட்சமும் சம்பளமாகவே கணக்காகும். 30 சதவீத வரம்பில், செஸ்ஸோடு 1,87,200 ரூபாய் வரி. பங்கை விற்று ஒரு பைசா பார்ப்பதற்கு முன்பே இது! இந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை எல்லா ஸ்டார்ட்அப்புக்கும் கிடையாது. விலகிய பின் பங்கை எடுக்க எத்தனை நாள் தருவார்கள் என்றும் கேளுங்கள். 90 நாள்தான் என்றால் இந்தப் பணத்தை அதற்குள் புரட்ட வேண்டும். பங்கை விற்கவும் வருடக்கணக்கில் காத்திருக்க நேரலாம்: 2010இல் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ், அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது 2021இல். ஆகவே ஈசாப்பைப் பூஜ்யமாக வைத்து, சம்பளம் மட்டும் போதுமா என்று பாருங்கள்.

"வீட்டிலிருந்தே வேலை" என்பது வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. பணியிடம் எது என்று லெட்டரில் ஊர்ப்பெயரோடு இருக்கட்டும்.

கூடலூர் பக்கம் ஜூன் முதலே மழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் சோதனை. மரம் சாய்ந்தால் கரண்ட்டோடு அதே கம்பத்தில் வரும் ஃபைபரும் போகும். அதனால் இரண்டாவது இணைப்பு மொபைல் வழியாக இருக்கட்டும். கரண்ட் போன நேரத்தில் டவர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முன்பே பார்த்துவையுங்கள். லேப்டாப், மானிட்டர், ரவுட்டர் சேர்ந்து 100 வாட் என்றால், 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி எட்டு, ஒன்பது மணி நேரம் தரும். ஊட்டிக் குளிரில் இன்னும் குறையும்.

சேர்ந்த பிறகு பிஎஃப் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். ஒரு மாதத்துப் பணத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பணம் வற்றும் கம்பெனி சம்பளத்துக்கு முன்பே இதைத்தான் தள்ளிப்போடும். இரண்டு மாதம் விடுபட்டால் ரெஸ்யூமேயைத் திருத்த ஆரம்பியுங்கள்.