யோ-யோ அடியில் நின்று சுழலவில்லையா? கயிற்றைக் கவனியுங்கள்

யோ-யோவைக் கீழே வீசியதும் நிற்காமல் உடனே மேலே ஏறிவிட்டால், பெரும்பாலும் கோளாறு கயிறு மாட்டிய விதத்தில்தான். அச்சில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. கட்டினால் அச்சும் கயிறும் சேர்ந்தே சுற்றும். அடியைத் தொட்டதும் கயிறு மறுபடி சுற்றிக்கொண்டு மேலே வந்துவிடும்.

யோ-யோ கயிறு என்பது ஒரே நீள இழையை இரண்டாக மடித்து முறுக்கியது. முடிச்சில்லாத நுனியை முறுக்கு பிரியும் பக்கமாகத் திருகினால் இரண்டு புரிகளும் விலகி ஒரு வளையம் திறக்கும். அதை அச்சில் மாட்டிவிட்டு முறுக்கை விடுங்கள், தானாக மூடிக்கொள்ளும். யோ-யோ இந்த வளையத்துக்குள் வழுக்கிச் சுழல்கிறது. லேசாகச் சுண்டினால் கயிறு ஒரு கணம் தளர்ந்து, உள்பக்கத்தில் உரசிப் பிடித்துச் சுற்ற ஆரம்பிக்கும். (பேரிங் வைத்த சில புது வகைகள் சுண்டினாலும் வராது, அவற்றுக்குக் கயிற்றை மடித்து இடுக்குக்குள் செலுத்திப் பிடிக்கவைக்கும் 'பைண்ட்' போட வேண்டும்.)

நீளத்துக்கு, யோ-யோவைத் தரையில் தொங்கவிட்டு, தொப்புளுக்கு 3 அங்குலம் மேலே வெட்டி முனையில் சிறு வளையம் முடியுங்கள். அந்த வளையத்தில் நேராக விரலை நுழைக்காதீர்கள். அதன் வழியே கயிற்றை இழுத்துச் சுருக்காக்கி, நடுவிரலின் முதல் இரண்டு மூட்டுகளுக்கு நடுவே போடுங்கள்.

ஆட ஆட முறுக்கு மாறும். இறுகினால் அச்சைக் கவ்வும், தளர்ந்தால் திரும்பி வராது. விரலிலிருந்து கழற்றி, யோ-யோவைக் கையில் பிடித்துக் கயிற்றைத் தொங்கவிட்டால் சுழன்று சரியாகிவிடும். நைந்த கயிற்றை உடனே மாற்றுங்கள். வீசும்போது அறுந்தால் யோ-யோ எதிரே இருப்பவர் மேல் பாயும்.