பல் கட்ட ஊருக்குப் போகிறவர்களுக்கு

மூன்று வார விடுப்பில் கும்பகோணம் போனால் என் பட்டியலில் கடைசியில் நிற்பது பல்தான். கல்யாணம், குலதெய்வம், பத்திர ஆபீஸ் எல்லாம் முடிந்து, விமானம் ஏற ஐந்து நாள் இருக்கும்போது போய் வாயைத் திறப்பேன். ஒரு தடவை அப்படிப் போட்ட கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), சிங்கப்பூர் வந்த மறுநாள் இட்லி தின்றாலே இடித்தது. "ரெண்டு நாள்ல பழகிடும் சார்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழகவில்லை. இங்கே அதை ராவிச் சரிசெய்யக் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் அந்தப் பல் கூசுகிறது. அதனால் திருச்சியில் இறங்கி, தூங்கி எழுந்த மறுநாளே பல் டாக்டரைப் பாருங்கள். குலதெய்வம் கோபித்துக்கொள்ளாது.

நாள் எங்கே போகிறது என்றால், வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தேவைப்பட்டால் அதற்கே இரண்டு மூன்று முறை போக வேண்டிவரும். சிறிய ஊர்களில் அதைச் செய்யும் சிறப்பு மருத்துவர் பல கிளினிக்குகளில் தினமும் இருக்க மாட்டார். வாரத்தில் குறித்த நாளில் வந்துபோவார். எந்தக் கிழமை என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள். அப்புறம் பல்லைச் சுற்றி 1 முதல் 2 மில்லிமீட்டர் ராவி, அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். லேப் வெளியூரில் என்றால் ஒரு வாரம் கணக்கு வையுங்கள். நடுவே பொங்கல் வந்தால் போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நாலு நாள் அடிபடும்.

அதுவரை வாயில் இருப்பது தற்காலிகக் கேப். லேசான பிளாஸ்டிக், ஒட்டியிருப்பதும் லேசான சிமென்ட். அதோடு கரும்பைக் கடித்த என் மைத்துனர், சக்கையோடு கேப்பையும் துப்பிவிட்டு மாட்டுப்பொங்கல் அன்று கொல்லையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார். சீடை, கமர்கட், கடலைமிட்டாய்க்கும் அதே விதி.

எதில் போடுவது? கடைவாய்ப்பல்லுக்கு வெறும் உலோகம் இன்றும் நல்ல தேர்வுதான், பல்லைக் குறைவாக ராவினால் போதும். மெட்டல் செராமிக் (உலோகத்தின் மேல் பீங்கான்) போட்டால் சில வருடத்தில் ஈறோரம் கறுப்புக் கோடு தெரியலாம். உலோகமில்லாத வெள்ளைப் பீங்கான் வகையான ஜிர்கோனியாவில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூட. கவரிங் நகை போட்டால் அரிக்கும் உடம்பு என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்; நிக்கல் கலந்த உலோகம் உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

நிறம் பார்ப்பதை ராவுவதற்கு முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும். என் அத்தை ஐம்பது வருட வெற்றிலைக்காரி. முதலில் கறையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் டாக்டர் நிறம் பார்க்க வைத்திருக்கும் சாம்பிள் பல் வரிசையை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "ஏ3" என்று நிற எண்ணை எழுதிக்கொண்டபோது அத்தை, "பரீட்சையில வாங்காத மார்க்கு" என்றாள்.

பிரிட்ஜ் விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பல் போன இடத்துக்கு ஒன்று கட்ட, இரு பக்கத்துப் பற்களையும் ராவ வேண்டும், அவை நல்ல பல்லாக இருந்தாலும். நடுவில் தூண் இல்லாத பாலம். சுமை முழுக்க அந்த இரண்டின் மேல். அவை ஆடினால் கட்டிப் பயனில்லை. இன்னொன்று, பல்லைப் பிடுங்கிய உடனே நிரந்தரப் பிரிட்ஜ் கட்டினால், ஈறும் எலும்பும் வற்றியபின் அடியில் இடைவெளி விழுந்து சோறு புகும். பொதுவாக 2, 3 மாதம் விடுவார்கள். ஆகவே பிடுங்க வேண்டியதை இருக்கும் நாட்டிலேயே முன்கூட்டிப் பிடுங்கி, ஆறிய வாயோடு ஊருக்கு வருவது புத்திசாலித்தனம். இம்பிளான்ட் ஒரே பயணத்தில் முடியும் என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். தாடையில் வைத்த திருகை எலும்பு பிடித்துக்கொள்ள வழக்கமாக 3 முதல் 6 மாதம். இந்தப் பொங்கலுக்குத் திருகு, அடுத்த பொங்கலுக்குப் பல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது என்றால், பிரிட்ஜுக்குச் செயற்கைப் பல் துறையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) முடித்தவரைத் தேடுங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் மாணவர்கள் பேராசிரியர் பார்வையில் செய்யும் இடம், பொறுமை வேண்டும். ஊரிலேயே இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சரி, மூன்று வார விடுப்புக்குச் சரிவராது. சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

கேப் வந்ததும், எங்கே இடிக்கிறது என்று பார்க்க நீலத் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். மரத்த வாயால் கடித்துவிட்டு "சரியா இருக்கு" என்று தலையாட்டாதீர்கள். மரப்பு இருக்கும்போது நமக்கே தெரியாது. முடிந்தால் தற்காலிகமாக ஒட்டச் சொல்லி, மறுநாள் இலை போட்டு ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கள். அப்பளம் முதலில் எந்தப் பல்லில் நொறுங்குகிறது என்று கவனித்து, இடித்தால் திரும்பப் போங்கள்.

கிளம்பும்போது எக்ஸ்-ரே, பில், லேப் தரும் வாரண்டி அட்டை, எந்தப் பொருள், என்ன நிற எண், இம்பிளான்ட் என்றால் கம்பெனியும் அளவும் எழுதிய சீட்டு, எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் வேண்டாம். என் அக்காவின் எக்ஸ்-ரே, எலுமிச்சை ஊறுகாய் எண்ணெயில் ஊறித்தான் டொராண்டோ போய்ச் சேர்ந்தது.